கூழாங்கல்லால் ஆன கயிலை

எங்கள் ஒழுங்கை முனையில் குடியிருக்கும் அம்மா ஒருவர் சென்ற ஆண்டு நேபாள வழியாகக் கயிலைக்குப் போய்வந்தார். திரும்பி வந்த கிழமையே அக்கம்பக்கத்தவரைக் கூப்பிட்டு மானசரோவர்த் தீர்த்தம் தந்தார். பிறகு கைப்பேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். மலையின் மேற்குப் பக்கப் பள்ளத்தாக்கில் நின்று அண்ணாந்து எடுத்த படம். செங்குத்தான சுவரில் அடுக்கடுக்காகக் கோடுகள். கோட்டுக்குக் கோடு பனி படிந்திருந்தது. தெஹிவளையில் மாடி வீடு கட்டும்போது வரிசை வரிசையாகக் கல் வைத்த சுவர் எப்படித் தெரியுமோ அப்படியே தெரிந்தது.

“தம்பி, வடிவாப் பாருங்கோ. இது கட்டின மாதிரி இல்லையே? சும்மா மலை இப்பிடி இருக்குமோ?”

அந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. வட்ஸ்அப்பில் சுற்றும் “கயிலை மனிதர் கட்டிய பிரமிட்” என்ற கதை அவருக்கும் வந்திருந்தது. 1999இல் ரஷ்யக் கண் மருத்துவர் ஏர்ன்ஸ்ற் முல்தாஷெவ் அங்கே போய்வந்த பின் கிளப்பிய கதை அது. அதை மறுப்பது எளிது. ஆனால் மறுப்பதோடு நின்றால் அந்த அம்மா கண்ணால் கண்டதற்குப் பதில் கிடைக்காது. அவர் கண்ட வரிசைகள் உண்மையானவை. அவை எப்படி வந்தன, அந்த மலை என்ன கல்லால் ஆனது, அதற்கு அந்த உருவத்தை எது கொடுத்தது என்பவற்றுக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகளாகப் புவிச்சரிதவியலாளர் தேடிவைத்த பதில்கள் இருக்கின்றன. தேவாரத்தில் ஏழு பதிகம் பெற்ற மலை அது. சம்பந்தர் இரண்டு, அப்பர் நான்கு, சுந்தரர் ஒன்று. அதன் கல்லைப் பற்றித் தமிழில் நாம் எழுதியது மிகக் குறைவு.

முதலில் இடம். கயிலை இமயமலையில் இருக்கிறது என்றுதான் பலரும் சொல்கிறோம். வரைபடம் வேறு சொல்கிறது. இமயத்தின் முதன்மைத் தொடர் தெற்கே நிற்கிறது. அதைக் கடந்து வடக்கே போனால் மானசரோவர், இராட்சசத் தால் என்னும் ஏரிகள் கிடக்கும் அகன்ற மேட்டுச் சமவெளி வரும். அதற்கும் வடக்கே எழும் கங்திசே தொடரில்தான் கயிலை நிற்கிறது. இமயத்துக்கு அப்பால் இருப்பதால் அந்தத் தொடரை அப்பால்-இமயம் என்றும் சொல்வார்கள். இன்றைய நிருவாகத்தில் அது திபெத்தின் ஙாரி மாவட்டம், புராங் கவுண்டி. உயரம் 6,638 மீற்றர். பழைய நூல்களில் 6,714 என்று இருக்கும்.

6,638 மீற்றர் அந்த நாட்டில் பெரிய உயரம் அல்ல. மானசரோவருக்குத் தெற்கே எதிரே நிற்கும் குர்லா மந்தாத்தா 7,694 மீற்றர். கங்திசே தொடருக்குள்ளேயே கிழக்கில் 7,000 மீற்றரைத் தாண்டிய லொயின்போ கங்ரி இருக்கிறது. கயிலையின் பெருமை உயரத்தால் வந்தது அல்ல, தனித்து நிற்பதால் வந்தது. பக்கத்து மலைகள் எல்லாம் அதன் தோளுக்குக் கீழே நின்றுவிடுகின்றன. சமவெளியில் எங்கே நின்றாலும் கண் அந்த ஒற்றைக் கோபுரத்துக்கே போகும்.

நாலு ஆறுகள் கயிலையிலிருந்து பிறக்கின்றன என்பதையும் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். சிந்து, சட்லெஜ், பிரமபுத்திரா, கர்ணாலி ஆகிய நான்கின் தலையூற்றுகளும் அந்த மலையைச் சுற்றி ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவுக்குள் இருப்பது உண்மை. ஸ்வீடிய ஆய்வுப்பயணி ஸ்வென் ஹெடின் 1907–08இல் அலைந்து திரிந்து எழுதியதும் அந்த ஊற்றுகளைப் பற்றித்தான். ஆனால் எதுவும் சிகரத்தின் பனியிலிருந்து நேராக இறங்குவதில்லை. சிந்துவின் ஊற்று மலைக்கு வடக்கே இருக்கிறது. பிரமபுத்திராவின் தலை தென்கிழக்கே இமயப் பனிக்கட்டியாறுகளில் இருக்கிறது. கயிலையின் மேற்குப் பள்ளத்தாக்கில் ஓடும் லா சூ என்ற ஓடை இராவணன் தவமிருந்ததாகச் சொல்லப்படும் இராட்சசத் தாலில் போய் விழுகிறது. ஒரு மலையைச் சுற்றி நான்கு பெரிய ஆறுகள் நான்கு பக்கம் பிரிந்து போவதே போதிய அதிசயம். அதற்கு மேல் எதையும் சேர்க்கத் தேவையில்லை.

இனிக் கல்லுக்கு வருவோம். காலி வீதியை ஒட்டி இப்போது பழைய வீடுகளை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பாத ஒழுங்கை இல்லை. இடித்த இடத்தில் கொங்கிறீற் தூண் ஒன்று உடைந்து கிடந்தால் அதன் உடைந்த முகத்தைக் குனிந்து பாருங்கள். சாம்பல் நிறச் சீமெந்துக்குள் சல்லிக்கல் பொதிந்திருக்கும். சில கல் பாதியாக உடைந்து உள்நிறம் காட்டும். சில முழுதாகப் பிடுங்கப்பட்டு, இருந்த இடத்தில் குழி மட்டும் இருக்கும். அந்த முகத்தில் ஒரு வித்தியாசத்தை மட்டும் மனத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். நமது சல்லி கல்லுடைக்கும் ஆலையிலிருந்து வந்தது, அதனால் மூலை கூராக இருக்கும். அதற்குப் பதிலாக ஆற்றில் உருண்டு மழுங்கிய கூழாங்கற்களை வையுங்கள். கோலிக்குண்டு அளவிலிருந்து தேங்காய் அளவு வரை, அதற்கு மேலும். சீமெந்துக்குப் பதில் மணலும் சேறும் இறுகிய பசை. இப்படி ஆன கல்லுக்கு உருள்திரள் பாறை என்று பெயர், ஆங்கிலப் பாடநூலில் கொங்ளோமரேற். கயிலை அதனால் ஆனது. அடியிலிருந்து உச்சி வரை கண்ணுக்குத் தெரியும் அந்தப் பெரிய கூம்பு முழுக்க ஆற்றுக் கூழாங்கல்.

இதைக் கேட்டபோது அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் வாடியது. கருங்கல்லாக இருக்கும் என்று நினைத்திருந்தார். எனக்கு மறுபக்கமாகத்தான் தோன்றுகிறது. ஒரு கருங்கல் மலை பூமிக்குள் உருகி இறுகி மேலே வந்ததைச் சொல்லும். ஒரு கூழாங்கல் மலை தனக்கு முன்னே இருந்த இன்னொரு மலையைச் சொல்லும். அந்த மலை தேய்ந்து, உடைந்து, ஆறுகளில் உருண்டு வந்து சேர்ந்த பிறகுதான் கயிலைக்குக் கல் கிடைத்தது.

இதை நேரில் பார்த்து முதலில் விளக்கியவர்களுள் முதன்மையானவர் சுவிஸ் நாட்டின் அவுகுஸ்தோ கான்சர். 1936இல் ஆர்னோல்ட் ஹைம் தலைமையில் வந்த சிறிய குழுவில் அவர் இருந்தார். திபெத்துக்குள் போக வெளிநாட்டாருக்கு அனுமதி இல்லாத காலம். யாத்திரிகர் போல ஆட்டுத்தோல் அங்கி போட்டுக்கொண்டு எல்லையைத் தாண்டினார். மற்றவர்களோடு மலையைச் சுற்றி வந்தார். சுற்றிக்கொண்டே கல்லைப் பற்றிக் குறிப்பு எழுதினார். கயிலைக்குத் தெற்கே அவர் கண்டெடுத்த பச்சைக் கருமையான கற்கள் பிறகு பெரிய செய்தியாயின. அவை ஆழ்கடலின் அடித்தரைக் கற்கள். கடலே இல்லாத அந்த உயர்நிலத்தில், 4,500 மீற்றருக்கு மேலே, கடலின் அடித்தரை கிடந்தது. இந்தியத் தட்டும் ஆசியாவும் மோதிப் பொருந்திய தழும்பு சிந்து, சாங்போ (பிரமபுத்திராவின் திபெத்துப் பெயர்) ஆறுகளின் தடம் வழியே ஓடுகிறது என்று நாம் இன்று பாடத்தில் படிப்பதற்கு அந்த நடையும் ஓர் அடித்தளம். கான்சர் 2012இல் 101 வயதில் காலமானார்.

அவர் சுற்றிய பாதையில் போகிறவர் எவரும் கல்லின் வரிசையைத் தாமே பார்க்கலாம். வலம் ஏறத்தாழ 52 கிலோமீற்றர். தார்ச்சனிலிருந்து புறப்பட்டு லா சூ பள்ளத்தாக்கில் நுழைந்ததும் இரு பக்கமும் உருள்திரள் சுவர்கள் எழும். கையை வைத்தால் கூழாங்கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். வடக்கே யாத்திரிகர் தங்கும் திராபுக்கைத் தாண்டி, 5,600 மீற்றருக்கு மேலுள்ள தோல்மா கணவாய்க்கு ஏறும்போது கல் மாறிவிடும். வெளிறிய சாம்பல் நிறப் பெரிய கிரனைற் பாறைகள் வழியெங்கும் கிடக்கும். அதுதான் கயிலையின் அத்திவாரம். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே இருந்த தெத்திஸ் கடலின் தரை ஆசியாவின் அடியில் அமிழ்ந்து போன கோடிக்கணக்கான ஆண்டுகளில், மேலே எரிமலை வரிசையும் கீழே கிரனைற்றும் உருவாயின. மோதல் நடந்து, அந்த எரிமலை மலைத்தொடர் தேயத் தொடங்கியது. தேய்ந்த கிரனைற்றின் மேல் ஆறுகள் கூழாங்கல்லைக் கொண்டுவந்து கொட்டின. கொட்டிய படிவின் தடிப்பு 2 கிலோமீற்றருக்கும் மேல். கடைசியில் தெற்கே, தார்ச்சன் பக்கமாக, கடலடிக் கற்கள் ஒரு பெரிய பிளவு வழியே வடக்கு நோக்கித் தள்ளப்பட்டு அந்தப் படிவின் மேல் ஏறி அமர்ந்தன. அடியில் கிரனைற், நடுவில் கூழாங்கல், தெற்கு ஓரத்தில் மேலேறிய கடலடிக் கல். வலம் வருகிற மூன்று நாளில் ஒரு கண்டமோதலின் கதையைக் காலால் நடந்து கடக்கலாம்.

வயது எவ்வளவு? படிவுக்குள் இருக்கும் எரிமலைச் சாம்பலிலும் கனிம மணிகளிலும் எடுத்த அளவுகளின்படி, ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் முதல் 2 கோடியே 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கயிலைக் கூழாங்கற்கள் படிந்தன. கண்டங்கள் மோதிச் சில கோடி ஆண்டுகள் கழிந்த பிறகு. இதே வகைப் படிவு தழும்பின் நெடுகே 1,300 கிலோமீற்றருக்கு விட்டு விட்டுக் கிடக்கிறது. கயிலை அதன் மிக உயர்ந்து நிற்கும் துண்டு.

இங்கேதான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு பெரிய ஏரியின் படிவும் இருக்கிறது. நிலக்கரிக் கீற்றும் மீன் எச்சமும் உள்ள ஏரி. இரண்டு கண்டங்கள் நெருக்கிக்கொண்டிருக்கும் கோட்டில், எல்லாம் மேலே எழ வேண்டிய இடத்தில், நிலம் எப்படித் தாழ்ந்து ஏரியானது? அமெரிக்க ஆய்வாளர் பீற்றர் டிசெல்ஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2011இல் ஒரு விளக்கம் வைத்தார்கள். கீழே அமிழ்ந்து போன இந்தியத் தட்டு பின்னோக்கிச் சரிந்தது. மேலே இருந்த நிலம் அதனோடு இழுபட்டு விரிந்தது, விரிந்த இடம் தாழ்ந்தது. மற்றச் சாரார் விரிவை ஏற்பதில்லை. தெற்கிலிருந்து ஏறிவந்த கற்களின் பாரமே நிலத்தை அமுக்கிக் குழியாக்கியது என்கிறார்கள். எனக்கு முதல் விளக்கம் கூடப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. பாரம் ஏறியதற்கான சாட்சி படிவின் மேல்மட்டத்தில்தான் தெளிவாக இருக்கிறது, ஏரியோ அதற்கு முந்தியது. ஆனால் வழக்கு முடியவில்லை.

அந்த ஏரி எந்த உயரத்தில் இருந்தது என்பது அடுத்த வழக்கு. அதன் நீர் இளஞ்சூடாக இருந்ததற்கான அடையாளங்கள் உண்டு. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு செய்தி நடுத் திபெத்திலிருந்து வந்தது. லுன்போலா, நீமா என்ற வடிநிலங்களில் கயிலைப் படிவின் வயதையொத்த கற்களில் ஒரு மீனின் எலும்புக்கூடு கிடைத்ததாக 2017இல் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது பனையேறிக் கெண்டையின் பழைய உறவினம். நம் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் நீர் வற்றினால் தரையில் தத்திப் போகுமே, அந்தக் கெண்டைதான். தரங்கம்பாடியில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் டேனிஷ் அதிகாரி டால்டோர்ஃப் அதைப் பனையில் ஏறக் கண்டதாக எழுதியதிலிருந்து உலகம் அதை ஏறும் மீன் என்று அழைக்கிறது. 2019இல் அதே லுன்போலாவில் பனைக் குடும்பத்து ஓலை ஒன்றும் கல்லாகிக் கிடைத்தது. கெண்டையும் பனையும் 5,000 மீற்றர்க் குளிரில் வாழாது. ஆகவே 2½ கோடி ஆண்டுகளுக்கு முன் திபெத்தின் உட்பகுதி முழுவதும் இன்றைய உயரத்தில் இருக்கவில்லை என்று ஒரு சாராரும், மலைகள் உயர்ந்து நடுவே பள்ளத்தாக்குகள் மட்டும் தாழ்ந்து இருந்தன என்று மறு சாராரும் சொல்கிறார்கள். இரண்டில் எது சரியானாலும், மட்டக்களப்பு வயலில் துள்ளுகிற மீனின் சொந்தம் கயிலையின் நாட்டில் நீந்தியிருக்கிறது. இதைப் படித்த நாளில் எனக்கு நெடுநேரம் நித்திரை வரவில்லை.

தாழ்ந்து கிடந்த படிவு எப்படிச் சிகரமானது? ஏரியும் கூழாங்கல்லும் மேலே வந்த கற்களின் கீழே புதைந்து இறுகின. பிறகு ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பாக, சாங்போவின் முன்னோடி ஆறு அந்தக் கோட்டின் வழியே ஆழமாக அரித்து, மேலிருந்ததைக் கழுவிக்கொண்டு போனது. பாரம் குறைந்த நிலம் எழுந்தது. எழ எழ அரிப்பு அதிகமானது. பக்கத்து மென்கற்கள் போய்விட, இறுகிய உருள்திரள் மட்டும் நின்றது. ஒரு காலத்தில் பள்ளத்தை நிரப்பிய குப்பைமேடு இன்று உச்சியாக நிற்கிறது.

கடைசி வேலை பனியுடையது. நம் உயர்தரப் புவியியல் மாணவர்களுக்கு மற்றர்ஹோர்ன் படம் தெரிந்திருக்கும். ஒரு மலையின் பல பக்கங்களிலும் பனி தேங்கி, கிண்ணம் போலக் குழி தோண்டி, பின்சுவரைத் தின்றுகொண்டே போனால் நடுவில் கொம்பு போன்ற சிகரம் எஞ்சும். கயிலையிலும் நடந்தது அதுதான். ஆனால் மற்றர்ஹோர்னின் கூர்மை கயிலைக்கு வரவில்லை, காரணம் கல். படிவு அடுக்குகள் ஏறத்தாழக் கிடையாகக் கிடக்கின்றன. கரடான கூழாங்கல் அடுக்கு ஒன்று, மென்மையான மணல் அடுக்கு ஒன்று என்று மாறி மாறி வரும். அடுக்குகளை ஊடறுத்துச் செங்குத்தாக வெடிப்புகள். பகலில் உருகிய நீர் வெடிப்பில் இறங்கி, இரவில் உறைந்து, பருத்து, கல்லைப் பிளக்கும். பிளந்தது செங்குத்தாக விழும். மென்னடுக்கு உள்வாங்கி, வல்லடுக்கு படி போலத் துருத்தி நிற்கும். அந்தப் படியில் பனி தங்கும். தெற்கு முகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் பெரிய பிளவும், அதை வெட்டிப் போகும் கிடைக்கோடுகளும் இப்படித்தான் வந்தன. அந்த அம்மா கண்ட “கல் வரிசை” இதுவே. ஒவ்வொரு வரிசையும் ஓர் ஆற்றின் வெள்ளக்காலங்கள் விட்டுப்போன படுகை. கட்டியது உண்மை, கட்டியவை ஆறுகள். செதுக்கியது பனி.

லா சூ பள்ளத்தாக்கின் அகன்று தட்டையான அடியும் நேரெழுந்த சுவர்களும் பனிக்கட்டியாறு ஒரு காலத்தில் அதை நிறைத்துக்கொண்டு நகர்ந்ததன் தடம். ஆறு மட்டும் வெட்டியிருந்தால் பள்ளத்தாக்கு ஆங்கில வீ எழுத்துப் போல ஒடுங்கியிருக்கும். யாத்திரிகர் கூடாரம் போடும் மேடுகள் பலவும் பனி தள்ளிக் கொண்டுவந்து போட்ட கல்லும் மண்ணும்தான்.

இலங்கையில் இருந்துகொண்டு இதையெல்லாம் எழுதும்போது ஓர் ஒப்பீடு மனத்தை விட்டுப் போவதில்லை. திருக்கோணமலையைத் தட்சிண கயிலாயம் என்கிறோம். கயிலையின் துண்டு ஒன்று தெற்கே வந்து விழுந்து கோணமலையானது என்று தலபுராணம் சொல்கிறது. மார்கழி, தை மாதங்களில் மழை கழுவிய காலையில் கொழும்பின் உயர்ந்த மாடிகளிலிருந்து கிழக்கே பார்த்தால், சிவனின் பெயரைத் தாங்கிய இன்னொரு மலையான சிவனொளிபாதமலையின் கூம்பு சில நாள் தெரியும். உயரம் 2,243 மீற்றர், கயிலையின் மூன்றில் ஒன்று. ஆனால் அந்த மலைநாட்டின் கற்கள் பூமிக்குள் ஆழத்தில் வெந்து இன்றைய உருவை அடைந்து ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அன்று இலங்கை அந்தார்ட்டிக்காவோடும் தென்னிந்தியாவோடும் ஒட்டிக்கிடந்தது. கயிலையின் கூழாங்கல் படிந்த நாளில் நமது மலை பல கோடி ஆண்டு மழையில் நனைந்து தேய்ந்த கிழமலை. கயிலையைப் பனி செதுக்கியது. சிவனொளிபாதத்தைச் செதுக்கியது மழை. வயதில் தெற்கே உள்ளது மூத்தது. சைவருக்கு இது குறையல்ல என்று நினைக்கிறேன். இரண்டு கூம்புகளையும் சிவனின் பெயரின் கீழ்க் கொண்டுவந்த கண்கள் நம் முன்னோருடையவை.

சிகரத்தில் இதுவரை மனிதர் ஏறியதாகப் பதிவு இல்லை. 1926இல் பிரித்தானிய மலையேறி ஹியூ ரட்லெட்ஜ் வடமுகத்தைப் பார்த்து ஏற முடியாதது என்றார். 1980களில் மலையேறி ரைன்ஹோல்ட் மெஸ்னருக்கு வாய்ப்புக் கிடைத்தும் அவர் ஏற மறுத்தார். இப்போது ஏறுவதற்குச் சீன அரசு அனுமதிப்பதில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

கவலைக்குரியது பனி. கயிலையில் எஞ்சியுள்ள பனிக்கட்டியாறுகள் சிறியவை. மழைமறைவுப் பிரதேசம் என்பதால் அவற்றுக்குப் புதுப் பனி குறைவாகவே வருகிறது. வடமுகத்தின் கீழே இறங்கும் கங்ஜம் பனிக்கட்டியாறே யாத்திரிகர் கிட்டப் போய்ப் பார்க்கக்கூடியது. எதிரே உள்ள குர்லா மந்தாத்தாவில் 2006இல் பனித்தண்டு ஆய்வாளர் லொனி தொம்சனின் குழு 6,050 மீற்றர் உயரத்தில் துளையிட்டுப் பனித்தண்டு எடுத்தது. உலகின் பெரும்பாலான பனித்தண்டுகளில் 1950கள், 60களின் அணுகுண்டுச் சோதனைகள் விட்ட கதிரியக்கக் கோடு இருக்கும். ஆண்டை எண்ண அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். குர்லாவின் தண்டில் அந்தக் கோடு இல்லை. 2008இல் வெளியான அந்த முடிவின் பொருள் எளிது. 1950க்குப் பின் விழுந்த பனி அங்கே தங்கவில்லை, அவ்வளவு உயரத்திலும் உருகிப்போயிருக்கிறது. எதிர்க்கரையில் இப்படியென்றால் அதைவிடத் தாழ்ந்த கயிலையின் சிறு பனிக்கட்டியாறுகள் எத்தனை காலம் தாங்கும்? வெள்ளிமலை என்று நாம் சொல்வதில் வெள்ளியைத் தருவது அந்தப் பனி.

இந்த ஆண்டு வெள்ளவத்தையிலிருந்தோ தெஹிவளையிலிருந்தோ கயிலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூழாங்கல்லை எடுத்து வராதீர்கள், பள்ளத்தாக்கிலேயே கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள். திராபுக்கில் தங்கும் நாளில் வடமுகத்தைப் பார்த்து நின்று, பனிக்கட்டியாற்றின் கீழ்முனை தெரியும்படி ஒரு படம் எடுங்கள். திகதியையும் நின்ற இடத்தையும் எழுதி வையுங்கள். முன்பு போய்வந்தவர்களிடம் பழைய படம் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த அம்மா தன் படத்தின் பின்பக்கத்தில் திகதி எழுதுவதற்காக அதை அச்செடுக்கக் கொடுத்திருக்கிறார்.